பாறைமேல் வளரும் வேலூரும் அதன் நிலத்தடி நீரும்

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையும், 1984இல் பொறியியல் கல்லூரியாகப் பிறந்த வி.ஐ.டி.யும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் சேர்ந்து வேலூரை 2008இல் மாநகராட்சியாகும் அளவுக்கு வளர்த்தன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோரை நம்பி விடுதிகளும் மருந்துக்கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன. பல குடும்பங்கள் அவற்றால் பிழைக்கின்றன. இந்த வளர்ச்சி ஊருக்கு வேண்டியதே. ஆனால், ஊரின் அடியில் உள்ள நீருக்கு அது என்ன செய்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

வேலூரின் பெரும்பகுதி கருங்கல் வகையைச் சேர்ந்த கடினப் பாறையின்மேல் அமைந்துள்ளது. சிதையாத பாறையில் நீர் தங்குவதற்கான இடைவெளி பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. ஆகையால் நீர் தங்குவது, மேலே சிதைந்து பொடிந்த அடுக்கிலும், கீழே பாறையில் ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே. வெடிப்பைத் தொடாத ஆழ்துளைக் கிணறு எத்தனை நூறு அடி இறங்கினாலும் புழுதியைத்தான் கக்கும். அடுத்த வீட்டில் தண்ணீர் வந்தும் நம் வீட்டில் வராமல் போவதற்குக் காரணம் இதுவே. ஆழம் கூடக்கூட அழுத்தத்தால் வெடிப்புகள் இறுகிக் குறைவதால், மேலும் தோண்டுவது பல வேளைகளில் வீண் செலவாகிறது.

பாலாற்றங்கரையின் நிலை வேறு. ஒரு கன மீட்டர் மணலில் ஏறத்தாழ முந்நூறு லிட்டர் நீர் தங்க முடியும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு, மணலுக்கடியில் நீரைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. வட ஆற்காட்டு உழவர்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் என்னும் வாய்க்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டு சென்றனர். நகரம் கட்டடங்களுக்காக அந்த மணலை அள்ளியபோது நீரின் கொள்கலனே குறைந்தது. அத்துடன், ஆற்றுப் படுகை தாழ்ந்ததால், கரையோரக் கிணறுகளின் நீர் பள்ளத்தை நோக்கிக் கசிந்து அவற்றின் நீர்மட்டமும் இறங்கியது. நகர வளர்ச்சியின் தீமைகளில் இதையே மிகக் கொடியதாக நான் கருதுகிறேன். தூர்ந்த ஏரியை ஒரு கோடையில் மீட்டுவிடலாம், ஆறு நெடுங்காலம் சுமந்து சேர்த்த மணலை நம்மால் திருப்பிக் கொட்ட இயலாது.

மேற்பரப்பிலும் மாற்றம் நிகழ்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மனையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 5,500 லிட்டர் விழும். மண்தரையாக இருந்தபோது அதில் ஒரு பகுதி மெல்ல உள்ளிறங்கியது. சிமெண்ட் பூசிய பிறகு ஏறத்தாழ முழுவதும் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடுகிறது. நகருக்குள் ஓடும் நிக்கல்சன் கால்வாயில் நீர் பெருகிக் கன்சால்பேட்டை வீடுகளுக்குள் புகுவதற்கும், கோடையில் கிணறு வற்றுவதற்கும் இந்த மூடிய தரையும் ஒரு காரணம்.

இதில் பலர் எதிர்பாராத ஒன்றும் உண்டு. மேட்டூர்ப் பகுதியிலிருந்து வேலூருக்குக் குழாய்களில் வரும் காவிரி நீரில் ஒரு பங்கு, குழாய்க் கசிவாகவும் கழிவுநீர்த் தொட்டிகளின் வழியாகவும் நிலத்தில் இறங்குகிறது. மழையின் பங்கு குறைந்த இடத்தை இக்கசிவு ஓரளவு நிரப்புகிறது. ஆனால் கழிவுடன் இறங்கும் நைட்ரேட்டைப் பாறை வெடிப்பு வடிகட்டுவதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருப்பது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. தோல் பதனிடும் தொழிலின் உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததால்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மழைநீரை நிலத்துள் இறக்கும் வீட்டுக் குழி பயன் தர, அது மேலுள்ள களிமண்ணைத் தாண்டிச் சிதைந்த பாறை அடுக்கைத் தொட வேண்டும். அடியில் வண்டல் படிந்தால் நீர் இறங்காது. எனவே ஐப்பசி மழைக்கு முன்பே குழியில் நிரப்பிய சல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போட வேண்டும்.