நொடிப்பசை: 'சூப்பர் க்ளூ'வுக்கு மரப்பட்டறையிலிருந்து ஒரு சொல்

செங்கோட்டைக் கடைவீதியில் 'சூப்பர் க்ளூ' என்று கேட்பவர்கள் குறைவு. "ஃபெவிக்விக் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். கைக்கு வருவது வேறு கம்பெனிச் சரக்காக இருந்தாலும் பெயர் அதுதான். புளியரை தாண்டி மலையேறி கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை பக்கம் போனாலும் 'சூப்பர் க்ளூ' இல்லையென்றால் 'ஃபெவிக்விக்' என்றுதான் காதில் விழும். பேச்சுக்கு இது போதும். எழுத உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. கம்பெனிப் பெயரைப் போட மனம் வராது. 'அதிபசை', 'மீப்பசை', 'உயர்பசை' என்று எதையாவது வைத்துவிடத் தோன்றும். இவை மூன்றும் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் விளம்பரச் சொல்லைத்தான் தமிழாக்குகின்றன. உள்ளே இருக்கும் பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. 'நொடிப்பசை' என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து.

முதலில் 'சூப்பர்'. லத்தீனில் இதற்கு 'மேலே' என்று பொருள். வடமொழி 'உபரி'யும் இதுவும் ஒரே வேரின் கிளைகள். மிச்சம் என்ற பொருளில் நாம் அன்றாடம் சொல்லும் உபரி அந்த வடமொழிச் சொல்தான். 'க்ளூ'வும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; கோதுமையில் இருக்கும் குளூட்டனுக்கும் அதுவே வேர். சரி, இந்தப் பசை அப்படி என்ன மேலானது? நேராக இழுத்துப் பார்த்தால் நன்றாகத் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாலோ, ஓரத்திலிருந்து உரித்தாலோ சட்டென்று விட்டுவிடும். வலிமையை வைத்துப் பெயரிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார். நாற்காலிக் கால் மூட்டை இதனால் ஒட்டிவிட்டு அதில் ஆளை உட்காரவைக்க முடியாது.

இந்தப் பொருளுக்கு 'சூப்பர்' பட்டம் பிறகு வந்ததுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார்கள். அப்போது இது கிடைத்தது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அதே கூவரின் மேற்பார்வையில் ஃபிரெட் ஜாய்னர் என்பவர் வேறோர் ஆய்வுக்காக இதைச் சோதித்தபோது, ஒளிவிலகல் அளக்கும் கருவியின் இரண்டு பட்டகக் கண்ணாடிகள் பிரிக்க முடியாமல் ஒட்டிப்போயின. அப்புறம்தான் இதைப் பசையாகவே விற்கலாம் என்ற யோசனை வந்தது. 1958இல் 'ஈஸ்ட்மன் 910' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 'கியானோஸ்' என்றால் கிரேக்கத்தில் கருநீலம். கரியும் நைட்ரஜனும் சேர்ந்த அந்தத் தொகுதியைப் பழைய வேதியியலாளர்கள் பிரஷ்ய நீலச் சாயத்திலிருந்து அறிந்ததால் நீலம் பெயரில் நின்றுவிட்டது. குப்பியில் இருப்பது நிறமில்லாத தெளிந்த நீர்மம். இந்தப் பெயரைத் தமிழாக்கத் தேவையில்லை. வேதியியல் எழுதும் இடத்தில் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

இப்போது 'பசை'. இது நம்முடைய பழைய சொல். மலையாளத்திலும் 'பச' என்று உண்டு. தலை 'தல' ஆவதும் மலை 'மல' ஆவதும் போல இறுதி ஐகாரம் குறுகியிருக்கிறது, நடு எழுத்தை ஶகர ஒலியோடு சொல்வார்கள். தமிழில் பசைக்கு ஒட்டும் பொருள் என்பது மட்டும் பொருளல்ல. 'மண்ணில் பசையே இல்லை' என்று விவசாயி சொன்னால் ஈரத்தைச் சொல்கிறார். 'பசையுள்ள ஆள்' என்றால் பணம் இருப்பவர். குறளில் 'பசையினள் பைய நகும்' என்று 1098ஆம் பாட்டு முடியும்போது அது நெஞ்சம் நெகிழ்ந்த அன்பு. ஈரம், நெகிழ்வு, ஒட்டுதல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

ஈரம் என்ற அந்தப் பொருள் இங்கே வேதியியல் முறைப்படியும் பொருந்துகிறது. மரவேலைக்கான வெள்ளைப் பசை தன்னிடம் உள்ள தண்ணீரை இழந்து காயும். சயனோஅக்ரிலேட் அதற்கு நேர்மாறு. காற்றிலும் மரத்தின் மேற்பரப்பிலும் உள்ள துளி ஈரம் பட்டதும் அதன் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. நீர்மம் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் பட்டறைக்குள் இதைக் கையாண்டவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். சீக்கிரம் இறுகும், சுற்றிலும் வெண்புகை படிந்ததுபோல் மங்கலும் தட்டும். மாசி, பங்குனியின் வறண்ட காற்றில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆசாரிமார் பழைய நாளிலிருந்து கையாண்ட ஒட்டுப்பொருளின் பெயரையும் சொல்ல வேண்டும்: வச்சிரம். பேச்சில் வஜ்ஜிரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, சூடாக்கி, சூட்டோடு பூசுவது. வைரக்கல்லுக்கான வயிரமும், முற்றிய மரத்துக்குள் ஓடும் வைரமும் இதைப்போலவே 'வஜ்ர' என்ற வடமொழிச் சொல்லின் வழிவந்தவையே. அந்த உள்மரத்துக்குத் தமிழில் அதற்கு முன்பே காழ் என்ற சொல் இருந்தது. 'அகக்காழனவே மரமென மொழிப' என்று தொல்காப்பியம் மரத்துக்கு இலக்கணம் சொல்வதே காழை வைத்துத்தான். இந்த வச்சிரத்தைப் புதிய பசைக்கும் பெயராக நீட்டலாமே என்று கேட்கலாம். கூடாது. வச்சிரம் ஈரத்திலும் சூட்டிலும் இளகிவிடும். பழைய பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு அதுதான் வசதி. ஈரத்தில் இளகுவதும் ஈரத்தால் இறுகுவதும் ஒரே பெயரில் இருந்தால் வேலை கெடும். கோந்து, பிசின், அரக்கு ஆகியவையும் தனித்தனிப் பொருள்களுக்கு ஏற்கெனவே பேசி முடிந்த பெயர்கள்.

அதனால்தான் பசையோடு நொடியைச் சேர்க்கச் சொல்கிறேன். விரலைச் சொடுக்கும் நேரம் நொடி. 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியம் எழுத்தொலிக்கு அளவு சொன்ன அதே நொடி. மலையாளத்திலும் 'நொடியிட' என்றால் கண நேரம். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். ஆசாரி, உளி, அரக்கு என்று பட்டறைச் சொற்கள் பல கணவாயின் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன. 'நொடிப்பசை' என்று எழுதினால் மலைக்கு அந்தப் பக்கத்து ஆசாரியும் கேட்டதும் புரிந்துகொள்வார். 'மீப்பசை'க்கு அந்த வசதி இல்லை.

அடுத்து, மரத்தில் நொடிப்பசை போய்ச் சேரும் இடத்தின் பெயர். ஆங்கிலத்தில் கயிற்றில் விழுவதற்கும் மரத்தில் இருப்பதற்கும் 'நாட்' (knot) என்று ஒரே சொல். அதைப் பார்த்து 'மரத்தின் முடிச்சு' என்று எழுதுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கயிற்றில் விழுவது முடிச்சு. மரத்தில் இருப்பது கணு, பட்டறைப் பேச்சில் கண். கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கும் அதே கணுதான். கிளை புறப்பட்ட இடம் அது. கிளை உயிரோடு இருக்கும்போது அடிமரம் அதைச் சுற்றிப் பருத்தால் இரண்டின் நாரும் பின்னிக்கொள்ளும். அந்தக் கணு பலகையில் அசையாது. செத்துப்போன கிளையை அடிமரம் விழுங்கியிருந்தால் நடுவே பட்டை மாட்டியிருக்கும். பலகை காய்ந்ததும் அது ஆடும், சிலநேரம் கழன்று விழுந்து ஓட்டை காட்டும். முதலாவதை உயிர்க்கணு என்றும் இரண்டாவதைச் செத்த கணு என்றும் சொல்லலாம். நொடிப்பசைக்கு வேலை பெரும்பாலும் செத்த கணுவில்தான்.

'நிரப்புதல்' என்ற சொல்லையும் இங்கே மாற்ற வேண்டும். குடத்தையும் படிவத்தையும் நிரப்புவோம். ஓட்டையையும் வெடிப்பையும் அடைப்போம். பெயிண்ட் அடிப்பவர்கள் மக்கு, லப்பம் என்று சொல்வதும் அடைக்கும் பொருளைத்தான். அவை மேலே பெயிண்ட் வரும் இடத்துக்கு உதவும். மரத்தின் ரேகை தெரிய வேண்டிய கதவுப் பலகையில் மக்கு திட்டுத்திட்டாக நிற்கும்.

ஒரு பலாப் பலகையில், ஓரத்தில் பட்டை கருத்து, நடுவில் லேசாக ஆடும் ஒரு கணுவை எடுத்துக்கொள்வோம். ஊசி நுழையும் இடுக்கில் உள்ள பொடியையும் அழுகலையும் முள்ளால் சுரண்டி ஊதிவிட வேண்டும். ஓட்டை மறுபக்கம் வரை போனால் அடியில் டேப் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பசை ஒழுகிப் பலகையையும் மேசையையும் சேர்த்துப் பிடித்துவிடும். கணுவைச் சுற்றி மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டால், பசை சுற்றுமரத்துக்குள் ஊறிக் கறையாவதைத் தடுக்கலாம். அப்புறம் தண்ணீர் போன்ற நீர்த்த பசையில் ஒரு சொட்டு. அதை ஊற்ற வேண்டியதில்லை. இடுக்கின் வாயில் வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிறிய விளிம்பு ஈரம் பட்டதுபோல் கருத்துக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். கணு ஆடுவது நின்றதும் மீதிப் பள்ளத்தில் காப்பித்தூளையோ அதே பலகையின் ரம்பத்தூளையோ அடைத்து, மேலே கெட்டிப் பசை விட வேண்டும். ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் அடைத்தால் மேல் மட்டும் இறுகி உள்ளே கூழாகவே நிற்கும்; இரண்டு மூன்று அடுக்காகப் போடுவதுதான் நல்லது. நன்றாக இறுகிய பிறகு உளியால் மேடு தட்டி, உப்புத்தாளில் தேய்த்தால் பலகையோடு மட்டமாகிவிடும்.

ரம்பத்தூள் போட்டால் மர நிறமே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பசை ஊறியதும் அது மரத்தைவிடக் கருக்கும். கணு எப்படியும் கருப்புதான் என்பதால் காப்பித்தூள் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. ஆப்பசோடா தூவினால் அதன் காரத்தன்மையால் பசை உடனே கல்லாக இறுகும். ஆனால் வெள்ளையாகத் தெரியும், தேய்ப்பதும் கடினம்; மறைவான இடத்துக்கு மட்டும் சரி. தேக்குக்கு ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுதலைக் கெடுக்கும், அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். மற்றொன்று: பசை குடித்த இடத்தில் பிறகு மரச்சாயம் ஏறாது.

வெடிப்புக்கு வந்தால் சொல்லிலேயே தரம் பிரித்துக்கொள்ளலாம். மயிரிழைபோல் ஓடுவது கீறல், விரல்நகம் நுழைவது வெடிப்பு, பலகை இரண்டாகப் போவது பிளவு. மலையாளத்தில் 'விள்ளல்' என்பார்கள். நம்முடைய விள்ளுதல்தான் அது. கீறலுக்கு நீர்த்த நொடிப்பசை மிக நல்ல மருந்து, உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். அகன்ற வெடிப்புக்கு இதை நம்பக் கூடாது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. ஆனால் ரேகைக்குக் குறுக்கே மழைக்காலத்தில் பருத்து வெயிலில் சுருங்கும். புனலூர்ப் பக்கத்து ஈரக்காற்றில் அறுத்து வைத்த பலகை தென்காசி வெயிலுக்கு வந்தால் இந்தச் சுருக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். இறுகிய நொடிப்பசை கண்ணாடிபோல் விறைப்பானது. மரத்தோடு சேர்ந்து நீளாமல் ஓரம் விட்டு உரிந்துவிடும். அங்கே அதே மரத்தில் சீவிய சிம்பை வெள்ளைப் பசை தடவி அடித்து அடைப்பதுதான் முறை. பிளவு என்றால் குறுக்கே மரத்துண்டு பதித்துப் பூட்ட வேண்டும்.

கடைசியாக, பட்டறையில் எழுதி ஒட்ட வேண்டிய செய்தி ஒன்று. சிந்திய நொடிப்பசையைக் கையில் கிடைத்த பனியன் வேஸ்ட்டால் துடைப்பது வழக்கம். அதைச் செய்யக் கூடாது. பருத்தியில் இந்தப் பசை அதிகமாகப் பட்டால் வேகமாக வினைபுரிந்து சூடேறும், புகையும் வரும், கையைச் சுடும். பருத்திக் கையுறையும் ஆகாது. ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைக் குப்பிக்கு நேர் மேலே கொண்டுபோகாமல் வேலை செய்ய வேண்டும். ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியும் தோலில் உதவும். கண்ணில் பட்டால் அசிட்டோன் பக்கமே போகாமல் தண்ணீரால் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.