மானியமும் நல்கையும்: ஒரு சொல் விளக்கம்

கோத்தகிரியில் சிறு தொழில் தொடங்கியவரின் வங்கிக் கடனில் அரசு ஏற்றுக்கொள்ளும் பங்குக்கு மானியம் என்று பெயர். கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் ஊரார் சேர்ந்து மலைப்பூண்டுக் கிடங்கு கட்ட அரசு தரும் தொகைக்கும் அதே பெயர்தான். சட்டப்பேரவையில் ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்பதை மானியக் கோரிக்கை என்கிறோம். விண்ணப்பம் எழுதும் மலைக்கிராமத்து மக்களுக்கு இந்த ஒற்றைப் பெயர் உண்மையாகவே இடர் தருகிறது. முதலில் யார் செலவு செய்ய வேண்டும், பணம் எப்போது கைக்கு வரும், எதைக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் திட்டத்துக்குத் திட்டம் விடை மாறுகிறது; மானியம் என்ற சொல்லோ எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே நிற்கிறது.

மானியம் வடசொல். மதிப்பு, பெருமை எனப் பொருள்படும் 'மான' என்பதிலிருந்து, மதிக்கத்தக்கது என்னும் பொருளில் 'மான்ய' வந்தது. தமிழில் அது மானியம் ஆயிற்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் நிலக்கொடையைக் குறிக்கிறது. ஒருவருடைய பணியையோ தகுதியையோ மதித்து அரசர் விட்டுக்கொடுத்த நிலமும், அந்நிலத்தின் மீதான வரி நீக்கமும் மானியம் எனப்பட்டன. சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நிகராக நிற்கும் தமிழ்ச் சொல் இறையிலி, அதாவது இறை என்னும் வரி இல்லாதது. பிற்காலக் கல்வெட்டுகளில் வரி முழுவதும் நீக்கப்பட்டதைச் 'சர்வமானியம்' என்றும், பாதி நீக்கப்பட்டதை 'அர்த்தமானியம்' என்றும் எழுதினார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மானியம் என்பது தொடக்கத்தில் கையில் கொடுக்கும் பணம் அன்று. கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியையோ முழுவதையோ தள்ளிவிடுவதே மானியம். முகமதியர் ஆட்சிக் காலத்தில் இதனோடு இனாம் என்ற அரபுச் சொல்லும் சேர்ந்துகொண்டது. கோயில் மானியம், கர்ணம் மானியம், வெட்டியான் மானியம் என ஊர்ப் பேச்சில் வழங்கிய நிலங்களில் பெரும்பகுதி 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களால், உடையவரே அரசுக்கு நேராக வரி செலுத்தும் இரயத்துவாரி நிலங்களாயின. நிலத்தைக் குறித்த சொல் பணத்தின்மேலும் ஏறிக்கொண்டது.

இன்று நாம் சப்சிடி, கிராண்ட் என்று பேச்சில் பிரித்துச் சொல்லும் இரண்டும் இவ்வாறுதான் ஒரே சொல்லில் வந்து அடைந்தன. சப்சிடி என்பதன் மூலமான இலத்தீன் சொல், போர்க்களத்தில் பின்னே நிறுத்தப்படும் துணைப்படையைக் குறித்தது. கிராண்ட் என்பது நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்று முன்னே நிற்பவருக்குத் துணை. மற்றொன்று நம்பிக் கொடுப்பது. நடைமுறையிலும் வேறுபாடு ஏறத்தாழ இதுவே. தொழில் செய்பவர் சுமக்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது முதல் வகை. ஒரு பொதுப்பணிக்கென நிதியை ஒப்படைத்துப் பின்னர்க் கணக்குக் கேட்பது இரண்டாம் வகை.

இரண்டாம் வகைக்குத் தமிழில் பொருத்தமான சொல் நல்கை. நல்குதல் என்றால் விரும்பிக் கொடுத்தல், அருளுதல். மழை பெய்யாவிட்டால் நெடுங்கடலும் வளம் குன்றும் என்று சொல்லும் குறள், மேகம் 'தான்நல்கா தாகி விடின்' என்கிறது. பெற்றவரிடமிருந்து திரும்ப எதிர்பாராத கொடைக்கு இதைவிடத் தெளிவான வினை தமிழில் இல்லை என்பது என் கருத்து. பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கல்வித் துறையோடு நிறுத்த வேண்டியதில்லை. மானியம் என்ற சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். செலுத்த வேண்டியதில் ஒரு பங்கைத் தள்ளுவது என்ற பழைய பொருளுக்கு இன்றைய கடன் மானியம் மிகவும் நெருக்கமாக இருப்பதால், அதை அங்கேயே விட்டுவிடலாம். உதவித்தொகை மாணவருக்கும் முதியோருக்கும் உரியதாக நிலைத்துவிட்டது. நிதியுதவி எல்லாவற்றையும் அடக்குவதால் எதையும் வரையறுப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மலைப்பகுதி விண்ணப்பதாரர் சிறப்புப் பிரிவில் வருகிறார். ஊரகப் பகுதியில் 10 லட்சம் ரூபாய் மதிப்பில் தொழில் தொடங்கினால் அவருடைய சொந்தப் பங்கு 5 விழுக்காடு, அதாவது 50,000 ரூபாய், மீதி 9.5 லட்சம் வங்கியின் வழியே வருகிறது. அரசின் பங்கு 35 விழுக்காடு, அதாவது 3.5 லட்சம். இந்த 3.5 லட்சம் தொழில் முனைவோரின் கைக்கு வருவதில்லை. வங்கியில் அவர் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாக நிற்கும்; அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவுக்கான கடனுக்கும் வட்டி கிடையாது. தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். இவ்வாறு பின்னால் வந்து சேருவதைத் துறை ஆவணங்கள் பின்னேற்பு மானியம் என்கின்றன. நல்ல சொல்லாட்சி, எல்லாப் படிவங்களிலும் இடம்பெற வேண்டியது. 'மானியம் கிடைத்ததும் இயந்திரம் வாங்கிவிடலாம்' என்று காத்திருப்பவருக்கு இந்த ஒரு சொல்லை முதல் நாளிலேயே விளக்கிவிட்டால், அவர் வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் இடையே அலைய நேராது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது நமக்கு நாமே திட்டம். ஊருக்கு ஒரு சமுதாயக் கூடமோ நடைபாதையோ வேண்டுமானால் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் முன்கூட்டியே செலுத்த, மீதியை அரசு தருகிறது. 15 லட்சம் ரூபாய்ப் பணிக்கு ஊரார் 5 லட்சம் திரட்ட வேண்டும். இங்கே கடனும் இல்லை, வட்டியும் இல்லை; எந்த ஒரு தனி ஆளின் கணக்கிலும் பணம் ஏறுவதில்லை. இது நல்கை. விண்ணப்பத்தின் நடையும் அதற்கேற்ப மாற வேண்டும். தொழில் மானியத்துக்கு எழுதும் திட்ட அறிக்கையில் விலைப்புள்ளியும் வரவு செலவும் முதன்மை பெறும். நல்கைக்கு எழுதும் விண்ணப்பத்தில் யாருக்குப் பயன், யார் பராமரிப்பார், பங்களிப்பு எங்கிருந்து வரும் என்பவை முன்னிற்கும். பூம்பாறையின் பூண்டுக் கிடங்கை எண்ணிப் பாருங்கள். புவிசார் குறியீட்டை 2019-இல் பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திக் காப்பது அங்குள்ள வழக்கம். ஆகவே சமவெளிக்கென வரையப்பட்ட கிடங்கின் மதிப்பீட்டை அப்படியே இணைத்தால் கட்டடம் வரும், பயன் வராது. காற்றும் புகையும் செல்லும் கூரையமைப்பை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும்.

அரசுகளுக்கு இடையிலும் இதே வேறுபாடு இருந்தது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நீலகிரிக்கு வந்த மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில், மைய அரசின் சிறப்பு உதவி 90 விழுக்காடு நல்கையாகவும் 10 விழுக்காடு கடனாகவும் வந்தது. திருப்பித் தருவது எது, தர வேண்டாதது எது என்பதை மேல்மட்டத்தில் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து எழுதியவர்கள், கீழே பயனாளியிடம் வரும்போது எல்லாவற்றையும் மானியம் என்று சொல்லிவிடுவது சரியன்று.

மலைக்கே உரிய இரண்டு செய்திகளையும் இங்குச் சொல்லியாக வேண்டும். முதலாவது, அனுமதி. 1990-இல் அமைக்கப்பட்ட, ஹாக்கா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் உள்ள ஊர்களில் கட்டடப் பணிக்குத் தனி ஒப்புதல் தேவைப்படலாம். அரசின் நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிந்துவிடும். நல்கை ஒதுக்கப்பட்ட பிறகு அனுமதிக்கு அலையத் தொடங்கினால் ஆண்டு போய்விடும். இரண்டாவது, நிலம். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில், ஜன்மம் என்னும் பரம்பரை நிலவுரிமையை நீக்கிய 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் குடும்பம் குடும்பமாகப் பயிர் செய்வோர் பலருக்குப் பட்டா இல்லை. நில ஆவணம் கேட்கும் மானியங்கள் அவர்களுக்கு எட்டுவதில்லை. சொந்த நிலம் காட்டத் தேவையில்லாத குழு நல்கைகளே அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி. பழங்குடியினருக்கான வன்தன் மையங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. காட்டு விளைபொருளைப் பதப்படுத்தி விற்க 300 உறுப்பினர் கொண்ட ஒரு மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எந்த உதவி மானியம், எது நல்கை என்ற தெளிவு வேறெங்கையும் விட இவ்வட்டங்களில்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சொல்லாட்சி பற்றிய என் பரிந்துரை இது. கடனோடு இணைந்து, தனி ஆளுக்கோ நிறுவனத்துக்கோ செலவைக் குறைப்பது மானியம்; தொழில் நடப்பது உறுதியானபின் கடனில் கழிக்கப்படுமானால் பின்னேற்பு மானியம்; பொதுப்பணிக்கென ஒப்படைக்கப்பட்டு, பயன்பாட்டுச் சான்றிதழோடு கணக்கு முடிக்கப்படுவது நல்கை. விண்ணப்பத்தின் பொருள் வரியில் மட்டும் அரசாணையில் உள்ள சொல்லையே எழுத வேண்டும். அங்கே சொல்லை மாற்றினால் கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விடக்கூடும். விளக்கப் பகுதியில் நல்கை என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மானியம் என்று குறித்தால் அலுவலருக்கும் புரியும், ஊராருக்கும் புரியும்.