பதிவேட்டில் ஏறாத வலி: தசை, மூட்டுப் பாதிப்புள்ள தொழிலாளருக்கான அரசு உதவிகள்

திருப்பூர்ப் பகுதியில் இயன்முறை சிகிச்சையாளராக இருக்கும் எனக்கு, வருபவர் பனியன் கம்பெனியில் என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் சொல்லும் முன்பே ஓரளவு கணித்துவிட முடிகிறது. பவர் டேபிளில் தைப்பவருக்குக் கழுத்தும் தோள்பட்டையும், கட்டிங் மாஸ்டருக்கு இடுப்பும், அயர்ன் செய்பவருக்கு வலது தோளும் மணிக்கட்டும், நின்றுகொண்டே செக்கிங் பார்ப்பவருக்கு முழங்காலும் குதிகாலும் முதலில் பிடித்துக்கொள்கின்றன. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பது இங்கு சாதாரணம். இவர்களில் பலர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள். அந்த மாத்திரையால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று மருத்துவர்கள் போதிய அளவு எச்சரித்துவிட்டார்கள். அதிகம் பேசப்படாத வேறொரு கேடும் அதில் இருக்கிறது. கடையில் வாங்கிய மாத்திரைக்குச் சீட்டு கிடையாது; சீட்டு இல்லாத வலிக்கு எந்த அரசு உதவியும் கிடையாது.

நம் நாட்டில் தசை, மூட்டுப் பாதிப்புகளுக்கென்று தனியாக ஒரு திட்டம் இல்லை. தொழிலாளர் காப்பீடு, மாற்றுத்திறனாளிகள் நலம், நலவாரியம், பொதுச் சுகாதாரம் எனப் பல துறைகளில் சிதறிக் கிடக்கும் உதவிகளைத்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் பெரியது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கும், மாற்றுத்திறனாளியாயின் 25,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்துகிறார். பெரும்பாலானோர் இதை இலவச மருந்தும் ஆஸ்பத்திரியும் தரும் திட்டம் என்று மட்டுமே நினைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பணமாகத் தருவதும் இதே திட்டம்தான்.

நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். இதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்று வேண்டும்; உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரையிலான காலத்துக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கும் உரிமை தருகிறது. கம்பெனி விட்டுக் கம்பெனி மாறுகிறவர்களும், பீஸ் ரேட்டில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவர்களும் சறுக்குவது இந்த 78 நாள் கணக்கில்தான். உழைத்த நாட்கள் எல்லாம் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்பதை, உடம்பு நன்றாக இருக்கும்போதே சம்பளச் சீட்டில் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

முதுகெலும்பின் இடைவட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தும்போது மூன்று மாதம் போதாது. அதற்காகவே நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உள்ளது. பட்டியலில் இருக்கும் 34 நெடுநாள் நோய்களுக்கு, 91 நாட்கள் முடிந்தபின் சம்பளத்தில் 80 விழுக்காடு, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை வழங்கப்படுகிறது. இடைவட்டுப் பிதுக்கம், எலும்பு முறிவு கூடாமலோ தாமதமாகவோ கூடுவது, தசைச்சிதைவு நோய் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டாண்டுத் தொடர் பணியும் அதற்கேற்ற சந்தாவும் இருக்க வேண்டும். முழங்கால் தேய்மானம் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு வழக்கமான 91 நாட்கள்தான்.

வேலையில் ஏற்பட்ட காயமானால் கணக்கே வேறு. தற்காலிக ஊன உதவித்தொகை சம்பளத்தில் 90 விழுக்காடு. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு, 78 நாள் நிபந்தனை கிடையாது, காயம் ஆறும் வரை அது தொடரும். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளும், வேலையோடு அவற்றுக்கு உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், இதில் அடங்கும். ஆனால் விபத்துப் பதிவேட்டில் அது எழுதப்பட வேண்டும். முதலாளி அறிக்கை அனுப்ப வேண்டும். துணி ரோலைத் தூக்கும்போது இடுப்பில் 'பளிச்'சென்று பிடித்த ஒருவர், அன்று மாலை தைலம் தேய்த்துப் படுத்துவிட்டு, மறுநாள் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய், கால் மரத்துப்போன பிறகு மூன்றாவது மாதத்தில் ஸ்கேன் எடுத்தால், அந்த ஸ்கேன் பிதுக்கத்தைக் காட்டுமே ஒழிய அது எந்த நாளில், எந்த ரோலைத் தூக்கும்போது நேர்ந்தது என்பதைக் காட்டாது. 90 விழுக்காட்டுக்கு உரியவர் 70 விழுக்காட்டுக்கு இறங்குவது இப்படித்தான். திடீரென்று பிடித்துக்கொண்டால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுதவைப்பதும், மருத்துவரிடம் "இடுப்பு வலி" என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த வேலையின்போது, எத்தனை மணிக்கு வந்தது என்பதைச் சொல்லிச் சீட்டில் ஏற்றுவதும் பிற்பாடு பணமாக மாறும் செயல்கள்.

ஒரே நாளில் வராமல் ஆண்டுக்கணக்கில் சேரும் பாதிப்புக்குத்தான் நம் சட்டத்தில் சரியான இடம் இல்லை. தையல் வேலை செய்யும் பெண்கள் பலர் இரவில் கை மரத்து விழித்துக்கொள்வதாகவும், உதறினால் சற்றுத் தெளிவதாகவும் சொல்வார்கள். இரு கைகளின் புறப்பகுதியையும் சேர்த்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னால், நிமிடம் முடியும் முன்பே கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்பார்கள். மணிக்கட்டுக் குகைக்குள் (கார்பல் டனல்) நரம்பு நெரிபடுவதன் அடையாளம் அது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டில் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இந்த நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முழங்கை, முழங்கால், தசைநாண் பாதிப்புகளும் அதில் உண்டு. நம் ஆலைச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அரசுக்கு அறிவிக்க வேண்டியவை எனப் பட்டியலிடப்பட்ட 29 நோய்களில் ஈயம், பாதரசம், பஞ்சுத் தூசி, சிலிக்கா, இரைச்சல் என்று எல்லாம் இருக்கின்றன. ஒரே அசைவை நாளெல்லாம் திரும்பச் செய்வதால் தசைக்கும் மூட்டுக்கும் வரும் கேடு ஒன்றுகூட இல்லை. நஞ்சையும் தூசியையும் பார்த்த சட்டம் ஊசிமுனையில் குனிந்திருக்கும் கழுத்தைப் பார்க்கவில்லை என்பதே என் குறை. அது திருத்தப்படும் வரை இத்தகையோருக்கு நடைமுறையில் கிடைப்பது நோய்க்கால உதவி மட்டுமே. அதற்கும் தொடக்கத்திலேயே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிவு வேண்டும்.

பாதிப்பு நிரந்தரமாகிவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் பக்கம் திரும்ப வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் இயக்கக் குறைபாடும் தசைச்சிதைவும் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று தேவை. இங்கே பலருக்கு ஏமாற்றம் ஏற்படுகிறது. மருத்துவக் குழு அளப்பது வலியை அல்ல. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசை எவ்வளவு எதிர்ப்பைத் தாங்குகிறது, நிற்கவும் நடக்கவும் பிடிக்கவும் முடிகிறதா என்பவற்றையே அளக்கிறது. கடும் வலியோடு முழுதாக மடங்கும் முழங்காலுக்கு மிகக் குறைந்த விழுக்காடே கிடைக்கலாம். எனவே விண்ணப்பிக்கும் முன் எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, சிகிச்சைக்குப் பிறகும் மீளாத அசைவைக் காட்டும் அளவீடுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவருக்கு இந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு வலுவான காப்பு. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் துறையில் இவ்வளவு உறுதி இல்லை. ஆயினும் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இரண்டாண்டுகள் இருந்த ஒருவர், வேலை தொடர்பற்ற காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர இயலாமை அடைந்து வேலையை இழந்தால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவின்படி முதல் ஆண்டு சம்பளத்தில் 50 விழுக்காடும் அடுத்த ஆண்டு 25 விழுக்காடும் பெறலாம். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களையே நான் அரிதாகத்தான் சந்திக்கிறேன். தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள் தையல், விசைத்தறி, கட்டுமானம் என்று தத்தம் தொழிலுக்குரிய நலவாரியத்தில் 60 வயதுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். விபத்து ஊன உதவியும் ஓய்வூதியமும் பதிவு உயிரோடு இருப்பவருக்குத்தான். புதுப்பிக்காமல் விட்ட அட்டையோடு வருபவர்களைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பயன்படுத்தலாம். வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தால் போதும்.

மருத்துவரிடம் சான்று கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிய சான்று விடுப்புக்கு உதவும். வேலைக்குத் திரும்பும் நாளில் உதவாது. எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக் கூடாது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும், கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும் வேலை எத்தனை வாரங்களுக்குக் கூடாது என்று எழுதித் தரக் கேளுங்கள். அத்தகைய சான்றோடு போனவரைப் பவர் டேபிளிலிருந்து மடிப்புப் பிரிவுக்கு மாற்றிக்கொடுத்த கம்பெனிகளை நான் அறிவேன். வெறும் வாய்மொழிக் கோரிக்கைக்கு அப்படி நடப்பது குறைவு.

ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுதும் நிற்பவர்களுக்குச் சட்டமே துணையாக இருக்கிறது. 2018இல் கேரளமும், அதையடுத்து 2021இல் தமிழ்நாடும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏதுவாக எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தின. இருக்கை இல்லை என்றாலோ, இருந்தும் உட்கார விடுவதில்லை என்றாலோ, தொழிலாளர் துறை ஆய்வரிடம் எழுத்தில் புகார் தரலாம்.

ஓய்வு பெற்றவர்களுக்கான ஒரு செய்தியும் உண்டு. மூட்டுத் தேய்மானம் முழு வீச்சில் வெளிப்படுவது பெரும்பாலும் வேலையை விட்ட பிறகுதான். குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதை எட்டியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், தமக்கும் தம் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். பழைய காப்பீட்டு எண்ணும் பணிபுரிந்ததற்கான சான்றும் இருந்தால், அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இதைச் செய்துகொள்ள முடியும்.