ஃப்ளோர் சாம்பியன்களின் வயதைக் கொஞ்சம் பாருங்கள்

போன வாரமும் ஒரு சிறுமி வந்தாள். பதினொரு வயது. ஜிம்னாஸ்டிக்ஸில் ஃப்ளோர் (தரை விரிப்பில் இசைக்கு ஏற்ப பல்டியும் நடனமும் செய்யும் பிரிவு) என்றால் அவளுக்கு உயிர். பின்பக்கம் வளையும்போதெல்லாம் கீழ் முதுகு வலிக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறாள். ஸ்கேனில் முதுகெலும்பில் விரிசல். ஓய்வு வேண்டும் என்றதும் அம்மா கேட்டார்: “மூணு மாசம் சும்மா இருந்தா வயசு போயிடுமே?”

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அடுத்து வரும் வாக்கியமும் எனக்கு மனப்பாடம்: “நாடியா கொமனேச்சி பதினாலு வயசுலயே ஜெயிச்சாங்களே!”

ருமேனியாவின் நாடியா அந்த வயதில் ஒலிம்பிக்கில் ஜெயித்தார், ஆனால் ஃப்ளோரில் இல்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஃப்ளோர் தங்கம் சோவியத் யூனியனின் நெல்லி கிம்முக்குப் போனது. அவருக்கு வயது 18, அந்த ஆட்டத்துக்கு முழு 10 மதிப்பெண். நாடியாவுக்கு வெண்கலம். நாடியா ஃப்ளோரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது 1980 மாஸ்கோவில், தானும் 18 வயதான பிறகு. அதையும் 22 வயது நெல்லி கிம்மோடு பகிர்ந்துகொண்டார்.

இன்னும் பின்னால் போங்கள். 1952 ஹெல்சிங்கியில் ஃப்ளோர் தங்கம் வென்ற ஹங்கேரியின் அக்னெஸ் கெலெட்டிக்கு வயது 31. போரால் இரண்டு ஒலிம்பிக் நடக்கவே இல்லை. 1948 லண்டனுக்குப் போயும் கணுக்கால் காயத்தால் போட்டியிட முடியவில்லை. நான்கு வருடம் பொறுத்து வந்து ஜெயித்தார். 1956 மெல்போர்னில், 35 வயதில், சோவியத் யூனியனின் லரிசா லத்தினினாவோடு சமநிலையில் மறுபடியும் தங்கம். அந்த லத்தினினா 1964 டோக்கியோவில் மூன்றாவது ஃப்ளோர் தங்கம் வாங்கியபோது அவருக்கு 29.

சரி, அதெல்லாம் பழைய காலம், இப்போது பல்டிகள் கடினம் என்பீர்கள். 2024 பாரிஸில் ஃப்ளோரில் ஜெயித்த பிரேசிலின் ரெபெகா ஆன்ட்ராடேக்கு 25. அதற்கு முன்பே முழங்கால் லிகமென்ட்டுக்கு மூன்று முறை அறுவை சிகிச்சை. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் ஆறாவது உலக ஃப்ளோர் பட்டத்தை வென்றது 2023இல், 26 வயதில். 1972 ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனின் ஓல்கா கோர்புட் 17 வயதில் வென்றார், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய விதிப்படி 16 வயது நிறையும் ஆண்டுக்கு முன்னால் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியாது. பதினொரு வயதுக் குழந்தைக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஏன் இந்தப் பதற்றம்?

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே வரலாற்றில் பதில் இருக்கிறது. 1978இல் நெல்லி கிம்மோடு உலக ஃப்ளோர் தங்கத்தைப் பகிர்ந்தவர் சோவியத் வீராங்கனை எலெனா முகினா. அடுத்த வருடம் கால் முறிந்தது. சரியாக ஆறும் முன்பே பயிற்சிக்கு இறக்கினார்கள். 1980 ஜூலையில், ஒலிம்பிக்குக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, ஃப்ளோரில் ஒரு பல்டி முழுதாகச் சுற்றாமல் தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. 20 வயது. 2006இல் இறக்கும்வரை கைகால் செயலிழந்தே வாழ்ந்தார். அந்த வகைப் பல்டியே பிறகு தடைசெய்யப்பட்டது. முகினாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குக் கை தயங்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பின்னால் வளைந்தால் முதுகு வலிக்கிறதா? இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை கொடுத்துப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். குதிகால், மணிக்கட்டு வலியைச் ‘சாக்கு’ என்று ஒதுக்காதீர்கள். வளரும் எலும்பின் நுனி அங்கேதான் அடிவாங்குகிறது. மாதவிடாய் நின்றுபோனால் பயிற்சியால் வருவது என்று விட்டுவிடக் கூடாது, எலும்பும் கூடவே பலமிழக்கும். டேப் ஒட்டினால் விரிசல் சேராது. அப்புறம், பயிற்சியாளர்களே: ஓய்விலிருந்து திரும்பும் குழந்தைக்கு முதல் நாளே இரட்டைப் பல்டி வேண்டாம். தரைக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தாலும் இறங்கும் வேகத்தை வாங்குவது அவள் உடம்புதான்.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அவள் கைகளை அசைத்து இசைக்குப் பழகட்டும், வளைய மட்டும் வேண்டாம்.