டிம் அடித்தாலும் ஏன் திட்டுகிறார்கள்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருப்பது பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு மனைவியோடு கொடைக்கானல், வால்பாறை என்று அடிக்கடி கிளம்பிவிடுவேன். வண்டியோடு வந்த ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்ப் போட்டேன். வெளிச்சம் பிரமாதம். ஆனால் டிம்மில் போனாலும் எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். மஞ்சள் ஃபாக் லைட் மாட்டினால் சரியாகுமா? அப்புறம், இரண்டு மணி நேரம் ஓட்டினால் கை மரத்துப்போகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்."

திட்டுகிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அது ஏன் என்று பார்க்க, கழற்றிப் போட்ட அந்த ஹாலஜன் பல்பைத் தேடி எடுத்து மேஜை மேல் வையுங்கள். கண்ணாடியை விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் எரியும்போது அதிகமாகச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

பள்ளியில் படித்ததுதான்: பரவளைய ஆடியின் (ஹெட்லைட்டுக்குள் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் அதுதான்) குவியத்தில் விளக்கை வைத்தால், ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் இணையாக நேரே போகும். பிரைட் வெளிச்சத்துக்கு இவ்வளவு போதும். எதிரே ஆள் வரும்போதுதான் சிக்கல். வெளிச்சத்தைக் குறைத்தால் நமக்கு ரோடு தெரியாது, குறைக்காவிட்டால் அவருக்குக் கண் கூசும். ஆகவே டிம் என்பது குறைந்த வெளிச்சம் அல்ல, குனிந்த வெளிச்சம். அந்தக் குனிவை ஒரு பல்புக்குள் எப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம்.

கையில் இருப்பது எச்4 வகை பல்ப். உள்ளே ஒன்றன் முன் ஒன்றாக இரண்டு டங்ஸ்டன் சுருள்கள் தெரியும். அடிப்பக்கம் உள்ளது பிரைட்டுக்கானது, 60 வாட். அது ஏறக்குறைய குவியத்திலேயே உட்காரும். நுனிப்பக்கம் உள்ளது டிம்முக்கானது, 55 வாட், குவியத்தைவிடச் சில மில்லிமீட்டர் முன்னால் இருக்கும். அந்த முன்சுருளுக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது பாருங்கள். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையை விரல்நகம் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி இருக்கும். வித்தை முழுவதும் அதில்தான்.

குவியத்துக்கு முன்னால் இருக்கும் விளக்கின் கதிர்கள், ரிஃப்ளெக்டரில் பட்டு இணையாகப் போகாமல் அச்சை நோக்கி வளையும். மேல்பாதியில் பட்டது கீழே இறங்கும், கீழ்ப்பாதியில் பட்டது மேலே ஏறும். நமக்கு இறங்குவது மட்டும் போதும். ஏறுகிற வெளிச்சம் எதிராளியின் கண்ணுக்குத்தான் போகும். அதனால் கிண்ணம் சுருளுக்கு அடியில் நின்று, கீழ்ப்பாதிக்குப் போகும் ஒளியை மறித்துவிடுகிறது. டிம்மில் உங்கள் ரிஃப்ளெக்டரின் மேல்பாதிதான் வேலை செய்கிறது. பிரைட்டில் 1,650 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) தரும் பல்ப் டிம்மில் 1,000 லூமென்தான் தருகிறது. வாட்டில் வித்தியாசம் வெறும் 5. மீதியெல்லாம் பெரும்பாலும் கிண்ணத்தின் உட்பக்கத்தில் பட்டு வீணாகிறது. வீணாக்குவதுதான் அதன் வேலை.

இன்னும் உற்றுப் பார்த்தால், கிண்ணத்தின் ஒரு விளிம்பு கிடைமட்டமாகவும் மற்றது 15 டிகிரி சாய்ந்தும் இருக்கும். சாய்ந்த பக்கம் ரிஃப்ளெக்டரில் கூடுதலாக ஒரு கீற்று ஒளியை அனுமதிக்கிறது. அந்தக் கீற்று, ரோட்டில் நம் ஓரத்தில் மட்டும் மேலே ஏறி நடந்துபோகிறவரையும் மைல்கல்லையும் காட்டும். எதிரே வண்டி வரும் பக்கம் வெளிச்சத்தின் மேல்கோடு தட்டையாகவே இருக்கும். சரி, நாம் ரோட்டின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஜெர்மனிக்காரர் வலப்பக்கம். இரண்டு வகை பல்ப் வேண்டாமா? வேண்டாம். ஹெட்லைட்டில் பல்ப் உட்காரும் இடத்தை 15 டிகிரி திருப்பிவிட்டால், சாய்ந்த விளிம்பு கிடைமட்டமாகிவிடும், கிடைமட்டமாக இருந்தது சாய்ந்துவிடும். ஒரே பல்ப், உலகம் முழுவதும். இதை யோசித்தவரைச் சந்தித்தால் ஒரு காபி வாங்கித் தர ஆசை.

பல்பின் நுனியில் கறுப்புப் பூச்சு இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ரிஃப்ளெக்டரில் படாமல் சுருளிலிருந்து நேராக வெளியே பாயும் ஒளியைத் தடுக்க அது. ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் வட்டமாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அது செய்ய நினைக்கும் வேலையின் பெரும்பகுதியை பல்ப் ஏற்கெனவே உள்ளே செய்துவிடுகிறது.

இப்போது எல்இடி பல்புக்கு வருவோம். சுருள் தன்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளி வீசும். எல்இடி சில்லு ஒரு தட்டையான பரப்பு, நேர் எதிரேதான் அதிகம் வீசும். அதனால் மாற்று பல்புகளில் ஒரு மெல்லிய பட்டையின் இரண்டு முகத்திலும் சில்லுகளை ஒட்டுகிறார்கள். பட்டைக்குத் தடிமன் உண்டு, ஆகவே சில்லு எதுவும் சுருள் இருந்த இடத்தில் சரியாக இருக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் என்ன ஆகிவிடும்? ரிஃப்ளெக்டரின் குவியத்தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் விலகினால் கதிர் 2 டிகிரிக்கு மேல் திரும்பும். 50 மீட்டர் தூரத்தில் அது 2 மீட்டர் வித்தியாசம். டிம் வெளிச்சத்தைப் பொதுவாக எவ்வளவு குனிய வைப்போம் தெரியுமா? 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அதாவது அரை டிகிரிக்குச் சற்று மேல். சில பல்புகளில் கிண்ணம் மாதிரியே ஒன்றை வைத்திருப்பார்கள். ஒளி பிறக்கும் இடமே மாறிய பிறகு அதனால் பெரிய பயன் இல்லை.

"ஆனால் எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்பீர்கள். வண்டிக்கு முன்னால் பத்தடி பளீரென்று தெரியும். அந்தப் பளீருக்குக் கண் பழகிவிட்டால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். சுதாரிக்க ஒன்றரை நொடி, அப்புறம் பிரேக் பிடித்து நிற்பது என்று சேர்த்தால் 70 மீட்டரைத் தாண்டும். பத்தடி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்இடி மேல் எனக்குக் கோபம் இல்லை. நீல எல்இடி 2014-இல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் வாங்கித் தந்தது. அவர்களில் நகாமுரா அதைச் செய்தது ஜப்பானில் அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தில். பலன் எப்போது வரும் என்று தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் நம்மிடமும் பெருக வேண்டும். ஆனால் எல்இடியைப் போடுவதானால், அதற்கென்றே ரிஃப்ளெக்டரோ லென்ஸோ வடிவமைத்த முழு ஹெட்லைட்டாக மாற்றுங்கள். இல்லையென்றால் ஹாலஜனுக்கே திரும்பி, அதற்கு முழு மின்னழுத்தம் கிடைக்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். பழைய வண்டியில் சாவி ஸ்விட்ச், டிம் ஸ்விட்ச், மெல்லிய ஒயர் என்று சுற்றிவருவதற்குள் அவ்வளவு குறைவது சகஜம். நல்ல ஒயரும் ஒரு ரிலேவும் (மின்சாரத்தாலேயே இயங்கும் ஸ்விட்ச்) போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் பழைய பல்பே புதிதாக எரியும். ஃபியூஸ் போட மறக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மனைவியும் பைகளும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1.47 மீட்டர். பின்பக்கம் 3 சென்டிமீட்டர் அமுங்கினால் வண்டியின் மூக்கு 1.2 டிகிரி தூக்கும், டிம் குனிந்திருப்பதைப் போல இரண்டு மடங்கு. 50 மீட்டரில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய ஒளிக்கோடு ஒன்றரை மீட்டருக்குப் போய்விடும். எந்த பல்ப் போட்டாலும் இது நடக்கும். அதனால் கிளம்பும் முன் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்குங்கள், முதுகுக்கும் நல்லது. பிறகு பை, ஆள் எல்லாம் ஏற்றி, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம்மின் மேல்கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

வண்டிக்குப் புகைப் பரிசோதனை கட்டாயமாக இருக்கிறது. சொந்த உபயோக வண்டியின் ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்று 15 வருடம் யாரும் கேட்பதில்லை. புகை பார்க்கும் இடத்தில் ஒரு சுவரும் கோடும் வைக்க என்ன செலவாகிவிடும்? ஆயுத பூஜைக்கு ஹெட்லைட் கண்ணாடியில் சந்தனம் குழைத்துப் பூசுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். காய்ந்த சந்தனத்தில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறும், மேலேயும்தான். பொட்டை மட்கார்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பது பாதி உண்மைகூட இல்லை. நீலம் அதிகம் சிதறும் என்ற ராலே விதி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்குத்தான் பொருந்தும். மூடுபனித் துளி அதைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதற்கே அதுதான் காரணம். மஞ்சளில் நீலம் இல்லாததால் கண் கூச்சம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். பிரான்ஸ் 1993 வரை ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருந்து பிறகு விட்டுவிட்டது. பனியில் உதவுவது நிறம் அல்ல, இடம். விளக்கு தாழ்வாக, லெக் கார்டின் கீழ்க்கம்பியில், அகலமாகவும் தட்டையாகவும் வீச வேண்டும். அப்போதுதான் சிதறிய ஒளி உங்கள் பார்வைக்கோட்டில் திரும்பி வராது. பனி இல்லாத இடத்தில் அணைத்துவிடுங்கள்.

கை மரத்துப்போவதற்கு ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு காரணம். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் நொடிக்கு 67 முறை ஹேண்டில்பார் நடுங்குகிறது. பாரின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை நடுங்கும் என்பது, அதற்குப் பக்கத்தில் இருந்தால் நடுக்கம் பெருகும். நுனியில் கனமான எடை மாட்டினால் அந்த அதிர்வெண் இறங்கி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தைவிட்டு விலகும். எடை மாட்டும் முன், மணிக்கு 5 கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் சட்டென்று அடங்கினால் ஒத்ததிர்வுதான், எடை பலன் தரும். அடங்காவிட்டால் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை மெக்கானிக்கிடம் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.