மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. பயிற்சி எத்தனை மணிக்கு?

"சார், ரெண்டு அரியர்."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்து அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் முதல் ஷிப்ட். மாலையில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் மூன்றும் சேர்ந்த எட்டு மாதக் கோர்ஸ். முதல் வரிசையில் உட்கார்ந்து, எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குபவள். "நல்லா வருவம்மா" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் பகலில் என்ன படிக்கிறாள், எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று அந்த நாள்வரை நான் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

பகலில் மென்பொருள் வேலை, மாலையில் வகுப்பு என்று பதினொரு வருடமாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்யும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியோடு சேர்த்து மாலையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அன்று ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அவளுடைய ஒரு நாளை அதில் எழுதச் சொன்னேன். காலை 5 மணிக்கு எழுந்திருக்கிறாள். ஊர் முசிறிப் பக்கம். 6:20 பஸ். 8:30க்கு முதல் பீரியட். 1:30க்குக் கல்லூரி விடும். 5 மணிக்கு எங்கள் வகுப்பு, 7 மணிவரை. 7:20 பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுக்குப் போக 9 ஆகும். சாப்பிட்டுவிட்டு, அம்மா நெய்து வைத்த கோரைப்பாய்களைச் சுருட்டிக் கட்டுவதற்குக் கைகொடுத்துவிட்டுப் படுக்கும்போது 11 தாண்டிவிடும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே.

தாளை இரண்டு முறை படித்தேன். தனியாக உட்கார்ந்து ஒரு புரோகிராமாவது தட்டிப் பார்ப்பதாக அதில் எங்குமே இல்லை. "லேப்ல பண்ணுவியே?" என்று கேட்டேன். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். கீபோர்டு எப்போதும் பக்கத்தில் இருக்கிற பையனிடம். இவள் பார்த்துச் சொல்வாள், அவன் தட்டுவான்.

சரி என்று அப்போதே ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். பத்து எண்கள் இருக்கிற பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று வாயால் சரியாகச் சொன்னாள். திரையில் எழுத இருபது நிமிடம் போராடி, பாதியில் நின்றுவிட்டாள். நான் அத்தனை மாதம் பார்த்துச் சந்தோஷப்பட்டது அவளுடைய புரிதலைத்தான். கை பழகவே இல்லை. நேர்காணலில் நான் பார்த்த எத்தனையோ முகங்கள் அப்போது நினைவுக்கு வந்தன: சான்றிதழ் மூன்று நான்கு இருக்கும், கருத்தைக் கேட்டால் சொல்வார்கள், "எழுதுங்க" என்றால் வியர்க்கும்.

வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், எட்டு மாதம் என்றால் ஏறக்குறைய 320 மணி நேரம். கோர்ஸ் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது இந்த எண்ணைத்தான். அதில் அவள் விரல் கீபோர்டில் இருந்தது முப்பது மணி நேரம் இருந்தால் அதிகம். என் அனுபவத்தில், ஒரு மணி நேர வகுப்புக்கு ஒன்றரை மணி நேரமாவது தனியாகத் தட்டி, தப்பு வந்து, அந்தத் தப்பை நாமே தேடிக் கண்டுபிடித்தால்தான் பாடம் கையில் நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரம் நம் நாளில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஃபீஸ் கட்டக் கூடாது.

அவளுடைய தாளில் அந்த நேரம் இருக்கவே செய்தது. 1:30க்கும் 5க்கும் நடுவில் மூன்றரை மணி நேரம். "லைப்ரரில உட்காருவேன் சார். போன்ல வீடியோ பாப்பேன். சில நாள் அப்படியே தூங்கிடுவேன்." தூங்காமல் என்ன செய்வாள், பாவம். ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை.

வீட்டில் அக்காவின் மடிக்கணினி இருந்தது. 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கு பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. பேட்டரி போய்விட்டது, விண்டோஸ் திறக்கவே பத்து நிமிடம் ஆகும் என்று மூலையில் போட்டுவிட்டார்கள். கொண்டுவரச் சொல்லி, விண்டோஸுக்குப் பதிலாக, பழைய கணினிகளுக்கு ஏற்ற லேசான, இலவச இயங்குதளமான லினக்ஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். பிளக்கில் போட்டால் பைத்தான் தாராளமாக ஓடியது. அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது; பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. கற்றுக்கொள்ள விலை உயர்ந்த லேப்டாப் வேண்டும் என்று சொல்லிக் கடன் வாங்க வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. முதல் இரண்டு வருடப் பாடத்துக்கு இப்படி ஒரு பழைய பெட்டி போதும்.

அவளை ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கிற பேட்ச்சுக்கு மாற்றினோம். மற்ற நாட்களில் சூரியன் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள். வகுப்பு இருக்கிற நாட்களில் சாப்பாடு, அரை மணி நேரத் தூக்கம், பிறகு ஒரு தோழியோடு அரியர் தாள், அதற்குப் பிறகு மடிக்கணினி. எட்டு மாதக் கோர்ஸ் பதின்மூன்று மாதம் ஆனது. அவளுடைய அப்பாவிடம் போனில் இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. "சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் வேலை கிடைக்கும்னாங்களே சார்" என்றார். அப்படிச் சொன்னது எங்கள் ஆட்கள்தான். மறுக்க முடியவில்லை.

அரியர் விழுந்த தாள்களில் ஒன்று ரியல் அனாலிசிஸ், மெய்யெண்களைப் பற்றிய கணிதப் பாடம். "ஐ.டி.க்குப் போறதுக்கு இது எதுக்கு சார்?" என்று கேட்டாள். மாலைக் கோர்ஸ் போகிற பிள்ளைகளில் பலர் மனதில் இந்தக் கேள்வி இருக்கிறது. பகல் படிப்பு ஒப்புக்கு, மாலை வகுப்புதான் எதிர்காலம் என்று நினைத்து மெல்ல மெல்லக் கல்லூரியைக் கைவிடுகிறார்கள். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போகிறது, அபராதம் கட்டி, கடிதம் எழுதித் தேர்வு எழுதுகிறார்கள்.

நான் அவளிடம் அவளுடைய பாடப்புத்தகத்தையே திறக்கச் சொன்னேன். போல்சானோ–வெயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தின் நிரூபணத்தில் ஓர் இடைவெளியைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் நம் கணத்தின் எண்ணற்ற புள்ளிகள் இருக்கின்றனவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பவும் பாதியாக வெட்டிக்கொண்டே போவார்கள். முந்தின வாரம் நான் நடத்திய பைனரி சர்ச்சும் இதே வெட்டுதான். பத்து லட்சம் பெயர்கள் அகர வரிசையில் இருந்தால், ஒவ்வொன்றாகத் தேடினால் பத்து லட்சம் முறைவரை பார்க்க நேரலாம். பாதி பாதியாக வெட்டினால் இருபது முறைக்குள் முடிந்துவிடும், ஏனென்றால் இரண்டை இருபது முறை பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஒரு படி சரியென்றால் அடுத்த படியும் சரி என்று காட்டிக்கொண்டு போகிற கணிதத் தொகுத்தறிதலைப் புரிந்துகொண்டவருக்கு, புரோகிராமில் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் பயமுறுத்தாது. டேட்டாபேஸில் டேபிள்களை இணைக்கிற முறைக்கு அடிப்படை போட்ட எட்கர் காட், கணிதம் படித்தவர், ஐ.பி.எம்.மில் இருந்தபோது 1970ல் அவர் எழுதிய கட்டுரை முழுக்கக் கணங்களும் உறவுகளும்தான். இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவளே ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தாள். பாயில் எத்தனை கோரைக்கு ஒருமுறை சாயக் கோரை வர வேண்டும் என்று அம்மா விரல்விட்டு எண்ணுவாராம். வகுத்தால் மீதி என்ன என்று பார்க்கிற குறியை வைத்து, திரையில் நட்சத்திரமும் புள்ளியுமாக ஒரு முழுப் பாயை வரைந்திருந்தாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. யாரும் கொடுக்காத கணக்கு, யாரும் தட்டிக்கொடுக்காத விடை. என் வகுப்பில் நான் பார்த்த நல்ல புரோகிராம்களில் அது ஒன்று.

பகல் படிப்பைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய நிறுவனங்களில் பல, 60 விழுக்காடு மதிப்பெண்ணும் அரியர் இல்லாமையும் கேட்கின்றன. விப்ரோ போல பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கிற திட்டங்களும் இருக்கின்றன. அங்கே முதல் வடிகட்டி கல்லூரி மதிப்பெண் பட்டியல்தான். தனியார் சென்டர் சான்றிதழ் அந்த வடிகட்டியைத் தாண்ட உதவாது.

பணம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பி.காம். படித்த ஒரு தம்பி வேறொரு சென்டரில் சேர்ந்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தான். சேர்ந்த அன்று "மாசத் தவணையா கட்டிக்கலாம்" என்று ஒரு டேப்லெட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது நிதி நிறுவனக் கடன், அவன் பெயரில், முழுத் தொகையும் அன்றே சென்டருக்குப் போய்விட்டது என்பது அவனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நடத்துகிறவர் நின்றுவிட்டார், வகுப்பும் நின்றது. தவணை நிற்கவில்லை. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு வீட்டுக்கடன்வரை அது துரத்தும். கடனின் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் முக்கிய விவர அறிக்கையாக முன்கூட்டியே தர வேண்டும், மனம் மாறினால் அபராதமில்லாமல் விலக அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் எந்தத் திரையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சேருவதற்கு முன் அந்த லேபுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர் உட்கார்கிறார்கள்? வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து பழக விடுவார்களா? நடத்தப்போகிறவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்; வரவேற்பில் பேசுகிற ஆள் பாடம் நடத்துவதில்லை. சொல்கிற ஃபீஸில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். "நூறு சதவீத பிளேஸ்மெண்ட்" என்று போட்டிருந்தால் விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே பெரும்பாலும் "உதவி" என்றுதான் அச்சாகியிருக்கும்.

எல்லோருக்கும் சென்டர் தேவையுமில்லை. சென்னை கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் நடத்தும் எட்டு வாரப் பாடம், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுடோரியலில் சின்னச் சின்ன வீடியோக்கள் தமிழிலேயே இருக்கின்றன. பார்த்துக்கொண்டே தட்டிப் பழகுவதற்கென்றே செய்தவை. பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வழிவிட்டது. அதனால் பகலில் ஒரு கல்லூரி, கூடவே சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டம் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது லேசான படிப்பு என்று நினைத்துச் சேர வேண்டாம். வாராவாரம் அசைன்மெண்ட், நேரில் போய் எழுதும் தேர்வு. அங்கேயும் முதலில் எடுக்க வேண்டியது அந்த வெள்ளைத்தாள்தான்.

அந்தப் பெண் ஒரு அரியரை நவம்பரிலும் இன்னொன்றை ஏப்ரலிலும் முடித்தாள். இப்போது டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. படிக்கிறாள்.

எங்கள் வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இப்போது மூன்று கட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன: பகலில் என்ன படிப்பு, எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. ஜூன் பேட்ச்சில் பதினெட்டுப் பேர். ஒருவனுக்குத் துறையூர்ப் பக்கம் ஓர் ஊர். அவன் கிராமத்துக்குள் போகிற கடைசி பஸ் 6:50க்கு. வகுப்பை 4:30க்கு மாற்றியிருக்கிறோம்.