தமிழ்த் திரைக்கதைச் செயலிகள்: படப்பிடிப்புக்கு முன் சோதிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் தமிழ்க் குறும்படம் எடுக்க முனையும் இளையர்கள் பலர் இப்போது திரைக்கதையைக் கைத்தொலைபேசியிலேயே எழுதி முடித்துவிடுகிறார்கள். திரைக்கதைத் திருத்தத்திலும் படப்பிடிப்புத் திட்டமிடலிலும் பணியாற்றி வரும் எனக்கு இதில் மறுப்பேதும் இல்லை. ஆனால், இச்செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளுக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதை அறியாமல் பயன்படுத்தினால், பிழைகள் படப்பிடிப்பு நாளில்தான் தலைகாட்டும்.

2012இல் அறிமுகமான ஃபவுண்டன் என்ற திரைக்கதை எழுத்துமுறையைப் பல செயலிகள் ஏற்கின்றன. ஒரு வரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தால், அதைக் கதாபாத்திரத்தின் பெயர் என்று அம்முறை புரிந்துகொள்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆகவே, தனி வரியில் ‘முத்து’ என்று எழுதி அடுத்த வரியில் வசனத்தை இட்டால், இரண்டும் காட்சி விவரிப்பாகவே கொள்ளப்பட்டுப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் பரவிவிடும். ‘உள்ளே, சமையலறை, இரவு’ என்ற காட்சித் தலைப்புக்கும் இதே கதிதான். பெயருக்கு முன் @ குறியையும் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியையும் இட்டால் போதும். அச்சுப் பிரதியில் அவை தெரியமாட்டா.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரக் கணக்கு. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற வழக்கம், 12 புள்ளி அளவிலான கூரியர் எழுத்துருவில் அமைந்த ஆங்கிலப் பிரதியைச் சார்ந்தது. கூரியரில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் செயலி வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்புகிறது. நீண்ட தமிழ்ச் சொற்களோ குறுகிய வசனப் பத்தியில் அடிக்கடி மடிந்து பக்கங்களைக் கூட்டுகின்றன. பக்கத்தை எட்டாகப் பிரித்து நாள்வாரியாகக் காட்சிகளை ஒதுக்கும் அட்டவணைச் செயலியும் இந்தப் பக்கக் கணக்கையே நம்புகிறது. வசனத்தை உரக்கப் படித்துக் கடிகாரத்தில் அளந்த நேரத்தை ஒவ்வொரு காட்சிக்கும் குறித்துவைப்பதே பாதுகாப்பு. பிரதியைப் பிடிஎஃப் ஆக மாற்றியபின், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை இன்னொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

சூரியனின் பாதையைக் காட்டும் சன் சீக்கர் போன்ற செயலிகள் உண்மையிலேயே உதவுகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய இவ்வூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியளவில் விடிந்து மாலை ஏழு மணியளவில் பொழுது சாய்கிறது. சூரியன் உச்சிக்கு வருவதோ பிற்பகல் ஒரு மணியளவில். கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் மாலைப் பொன்னொளி அரை மணி நேரம்கூட நீடிப்பதில்லை. குளிர்நாட்டுப் படைப்பாளிகள் தரும் ‘பொன் மணி நேர’ ஆலோசனையை நம்பி ஆறு ஷாட்டுகளைத் திட்டமிடுவது வீண். மழைக்கு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியிலுள்ள மழை வரைபடம் போதும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தை லொக்கேஷன் பட்டியலில் சேர்த்துவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகாது. நகர மன்றத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யார், எங்கே, எப்போது வரவேண்டும் என்று அன்றன்றைக்குக் குறிக்கும் கால்ஷீட்டைத் திறந்த இணைப்பாக வாட்ஸ்அப் குழுவில் பகிரும் பழக்கத்தையும் விடுவது நல்லது. நடிகர்களின் கைபேசி எண்களும் சிறார் நடிகர்களின் முகவரிகளும் அதில் இருக்கும். தயாரிப்பு நிறுவனங்களை 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. எண்களை ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு நேரமும் இடமும் மட்டுமே உள்ள பிரதியை அனுப்பலாம்.